அப்பாவின் கழுத்திலும் நெஞ்சிலும் நெறிக்கட்டி: புற்றுநோய் பரவிவிட்டதா?

வாசகியின் கடிதம்:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது. தருமபுரிப் பக்கம் வெல்லக் கொட்டகையில் பல வருஷமாகப் பாகு காய்ச்சுகிற வேலை. பீடிப் பழக்கம் உண்டு. இரண்டு மாதமாகச் சோறு நெஞ்சில் நின்றுவிடுகிறது என்றார். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் என்று வந்தது. பெட் சிடி எடுத்தோம். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கீழே 12 மில்லிமீட்டரில் ஒரு நெறிக்கட்டி, எஸ்யூவி 4.1. நுரையீரல் வேர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாகச் சில. இடது காறை எலும்புக்கு மேலே 8 மில்லிமீட்டரில் ஒன்று, அதில் லேசான ஒளிர்வு. கல்லீரல், நுரையீரல், எலும்பு எல்லாம் சுத்தம். ரிப்போர்ட்டின் அடியில் ‘டி3, என்1, எம்1?’ என்று போட்டிருக்கிறார்கள்.

நெறி கட்டிவிட்டால் நாலாம் ஸ்டேஜ், இனி எதற்குச் செலவு என்கிறார் சித்தப்பா. மருத்துவரோ கழுத்திலும் நெஞ்சிலும் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று அம்மா அழுகிறார். இவ்வளவு பணம் கட்டி பெட் ஸ்கேன் எடுத்த பிறகும் ஊசி எதற்கு? நோய் பரவியிருக்கிறதா, இல்லையா? அப்பாவுக்கு இளவயதில் டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அதை மருத்துவரிடம் சொல்லவில்லை.
— வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் டிபி பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெல்லக் கொட்டகை வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் உங்கள் அப்பாவின் பெட் ஸ்கேனைப் படிப்பது ஒருவருக்கும் சரியாக வராது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சித்தப்பா சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். நெறிக்கட்டி, அதாவது நிணநீர் முடிச்சு, அதில் நோய் இருந்தாலே நாலாம் ஸ்டேஜ் என்பது சரியல்ல. உணவுக்குழாய்ப் புற்றுநோயை மூன்று எழுத்துகளில் அளக்கிறோம். ‘டி’ என்றால் கட்டி சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. ‘என்’ என்றால் உணவுக்குழாயைச் சுற்றியுள்ள முடிச்சுகளில் எத்தனையில் நோய் இருக்கிறது என்பது. ‘எம்’ என்றால் அந்த எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறதா என்பது. ஒன்று அல்லது இரண்டு முடிச்சு என்றால் என்1, மூன்று முதல் ஆறு என்2, ஏழும் அதற்கு மேலும் என்3. என்1 என்ற அளவில் இருப்பவர்களுக்குக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறோம். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் நாலாம் ஸ்டேஜைப் பற்றிப் பேசுகிற ஒரே இடம் ‘எம்1’. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. ஸ்கேன் படித்த மருத்துவர் நேர்மையாகப் போட்ட கேள்விக்குறி அது. வீட்டில் எல்லாரும் அதைப் படிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்குறிக்குக் காரணம், காறை எலும்புக்கு மேலே இருக்கிற அந்த 8 மில்லிமீட்டர் முடிச்சு. நம் ஊரில் பெரும்பாலும் பின்பற்றும் அமெரிக்க அளவுமுறையில் அந்த இடம் எல்லைக்கு வெளியே வருகிறது. அதில் புற்றுநோய் இருந்தால் எம்1. நெஞ்சுக்குள் இருக்கிற 12 மில்லிமீட்டர் முடிச்சு எல்லைக்குள்தான். ஆகவே பெரியது நெஞ்சில் இருந்தாலும், தீர்மானிக்கப்போவது கழுத்தில் இருக்கிற சின்னதுதான்.

பெட் ஸ்கேன் எடுத்த பிறகும் ஊசி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட் சிடியில் இரண்டு ஸ்கேன்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் சிடி ஸ்கேன் முடிச்சின் அளவைத்தான் காட்டும். குறுக்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுவது வழக்கம். ஆனால் 5 மில்லிமீட்டர் முடிச்சுக்குள் புற்றுநோய் செல்கள் உட்கார்ந்திருக்கலாம். 15 மில்லிமீட்டர் முடிச்சு வெறும் பழைய சளித் தொந்தரவால் வீங்கியதாகவும் இருக்கலாம். அதுவும் மூச்சுக்குழாய் பிரிகிற இடத்துக்குக் கீழே இருக்கிற முடிச்சு ஆரோக்கியமானவர்களிடமே கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்த இடத்தில் 12 மில்லிமீட்டர் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நான் எதையும் சொல்ல மாட்டேன்.

பெட் ஸ்கேன் வேறு மாதிரி. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ரத்தக் குழாயில் ஏற்றி, ஒரு மணி நேரம் போல் படுக்கவைத்து, எந்த இடம் அந்தச் சர்க்கரையை அதிகம் இழுக்கிறது என்று பார்க்கிறோம். எஸ்யூவி என்பது அந்த இழுப்பின் அளவு. புற்றுநோய் செல் சர்க்கரையை நிறைய இழுக்கும். ஆனால் டிபி வந்த முடிச்சும் இழுக்கும். விறகுப் புகையையும் தூசியையும் வருஷக்கணக்காகச் சுவாசித்தவர்களின் முடிச்சும் இழுக்கும். 4.1 என்ற எண் புற்றுநோய்க்கும் வரும், டிபிக்கும் வரும். டிபி முடிச்சில் இதைவிடக் கூடுதலான எண்ணையும் பார்க்கிறோம். உங்கள் அப்பாவுக்கு நுரையீரல் வேர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் சிறு முடிச்சுகள் இருக்கின்றன என்கிறீர்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய் இப்படி இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பரவுவது வழக்கமில்லை. பழைய டிபி, புகை, தூசி இவற்றின் கைவரிசை போலத்தான் தெரிகிறது. ஆனால் இது கடிதத்தை மட்டும் வைத்து நான் ஊகிப்பது. உங்கள் மருத்துவர் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

பெட் ஸ்கேன் தப்பவிடுவதும் உண்டு. மிகச் சிறிய முடிச்சுக்குள் கொஞ்சமாக நோய் இருந்தால் அது ஒளிராது. கட்டியை ஒட்டியே இருக்கிற முடிச்சுகளும் தெரியாது. லாரி ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் மின்மினி பறந்தால் கண்ணுக்குத் தெரியுமா, அப்படித்தான் பெரிய கட்டியின் ஒளிர்வில் அவை மறைந்துபோகும். பெட் ஸ்கேன் உண்மையில் கைகொடுப்பது கல்லீரல், எலும்பு போன்ற தூரத்து இடங்களில். அங்கே சுத்தமாக இருக்கிறது என்று வந்திருக்கிறதே, அது பெரிய நல்ல செய்தி. நீங்கள் கட்டிய பணம் வீணாகவில்லை.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளிவந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். உணவுக்குழாயைச் சுற்றி நோய் ஏறிய முடிச்சு உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால், சிடி ஸ்கேன் சுமார் 50 பேரிடம்தான் அதைக் கண்டுபிடித்தது, பெட் ஸ்கேன் 57 பேரிடம், எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிற எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் 80 பேரிடம். அதே அல்ட்ராசவுண்ட், முடிச்சில் நோயே இல்லாத 100 பேரில் 30 பேருக்கு இருப்பதாகவும் சொன்னது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் படம்தான். செல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிற வரை யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்த நோயில் முடிச்சுகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உணவுக்குழாயின் உள்சவ்வுக்கு அடியிலேயே நிணநீர்க் குழாய்கள் வலை மாதிரி ஓடுகின்றன, அதுவும் மேலும் கீழுமாக நீளவாக்கில். அதனால் நடு நெஞ்சில் இருக்கிற கட்டி, பக்கத்து முடிச்சுகளை விட்டுவிட்டுக் கழுத்திலோ மேல்வயிற்றிலோ போய் இறங்கலாம். குடலின் மேல் இருப்பது போன்ற வெளியுறையும் உணவுக்குழாய்க்குக் கிடையாது. கட்டி உள்சவ்வோடு நிற்கும்போது முடிச்சுக்குப் போகிற வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு அடுத்த அடுக்கைத் தொட்டதுமே ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ என்று ஏறிவிடுகிறது. டி3 என்றால் தசையையும் தாண்டிவிட்டது. ஆகவே உங்கள் அப்பாவுக்கு ஏதாவது ஒரு முடிச்சில் நோய் இருக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. சிகிச்சையைத் திட்டமிடும்போதே மருத்துவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம்.

கழுத்து முடிச்சை முதலில் பாருங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்து, திரையில் முடிச்சைப் பார்த்தபடியே தோல் வழியாக மெல்லிய ஊசியை விட்டுச் செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதுமில்லை. ரத்தம் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வலி. நெஞ்சுக்குள் போகிற பரிசோதனையோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்தக் கேள்விக்குறியை எடுக்கப்போவது இதுதான்.

நெஞ்சு முடிச்சுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்த எண்டோஸ்கோப்பை உணவுக்குழாய்க்குள் விட்டு, சுவர் வழியாகவே முடிச்சில் ஊசி போடுவது. திரையில் நல்ல முடிச்சு பெரும்பாலும் நீள்வட்டமாக, ஓரம் மங்கலாகத் தெரியும். நோய் ஏறியது உருண்டையாக, கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். ஆனால் நோய் இருக்கிற முடிச்சுகளில் பலவும் இந்த அடையாளங்களை முழுதாகக் காட்டாது, அதனால்தான் ஊசி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குக் கட்டி நடுப்பகுதியில் இருக்கிறது, முடிச்சும் கிட்டத்தட்ட அதே உயரத்தில். கட்டியைத் துளைத்துக்கொண்டு ஊசி முடிச்சுக்குப் போனால், கட்டியின் செல்களே ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்து முடிச்சிலும் நோய் இருப்பதாகத் தவறாகக் காட்டும். அடைப்பு அதிகமாக இருந்தால் அந்தக் கருவி உள்ளே நுழையாமலும் போகலாம். அதற்காக அடைப்பை வலிந்து விரிக்கச் சொல்லாதீர்கள், குழாய் கிழிகிற ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது வழி மூச்சுக்குழாய் வழியாகப் போவது. அந்த முடிச்சு மூச்சுக்குழாய் பிரிகிற இடத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் வைத்த பிராங்கோஸ்கோப்பை உள்ளே விட்டால், கட்டியைத் தொடாமலேயே அதில் ஊசி போடலாம். உங்கள் அப்பாவுக்கு இதுதான் பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நுரையீரல் மருத்துவர்கள் டிபி, நுரையீரல் புற்றுநோய் சந்தேகங்களுக்காக இதை அடிக்கடி செய்கிறார்கள். கட்டி நடுப்பகுதியில் இருப்பதால் மூச்சுக்குழாய்ச் சுவரை அது தொட்டிருக்கிறதா என்பதையும் அதே சமயத்தில் பார்த்துவிடலாம். அறுவைச் சிகிச்சை செய்ய முடியுமா என்பதற்கு அது மிக முக்கியம்.

எடுத்த செல்களைப் புற்றுநோய்க்கு மட்டும் பார்த்தால் போதாது. அதே மாதிரியிலிருந்து ஒரு பகுதியை டிபிக்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். புகையில் வேலை செய்தவர்களின் முடிச்சிலிருந்து ஊசியில் சில சமயம் கரித்தூள் கரைத்தது போலக் கறுப்பாக வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பல வருஷத்துப் புகை அங்கே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய டிபி முடிச்சில் இப்போது கிருமி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால், ரேடியேஷனும் கீமோவும் ஆரம்பிக்கும் முன் அதற்கும் திட்டம் போட வேண்டியிருக்கும்.

அம்மாவின் பயத்தைச் சும்மா ஒதுக்கிவிடாதீர்கள். ஊசி போன பாதையில் நோய் ஒட்டிக்கொண்டதாக மருத்துவ இதழ்களில் சில நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அது மிக மிக அபூர்வம். கழுத்தில் தோல் வழியாகப் போகிற ஊசி கட்டியின் பக்கமே போவதில்லை. நெஞ்சில் மூச்சுக்குழாய் வழியைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயும் அப்படியே. அம்மாவிடம் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். ஊசி போடாமல் விட்டால் நாலாம் ஸ்டேஜ் என்ற தப்பான முத்திரையோடு குணமாகக்கூடிய சிகிச்சையை இழக்க நேரலாம். அந்த ஆபத்துதான் பெரிது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “நெஞ்சு முடிச்சில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை மாறுமா?” டி3 கட்டிக்கு, கழுத்து சுத்தமாக இருந்தால், முதலில் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்து, பிறகு அறுவைச் சிகிச்சை என்பதுதான் பரவலான வழி. நெஞ்சு முடிச்சு எப்படி இருந்தாலும் இது பெரும்பாலும் மாறாது. ரேடியேஷனை எவ்வளவு உயரம் வரை கொடுப்பது என்பதுதான் மாறலாம். டிபி சந்தேகம் இருப்பதால் உங்கள் அப்பாவுக்கு அந்த ஊசி பயனுள்ளது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கான தேதி கிடைக்க மூன்று நான்கு வாரம் ஆகும் என்றால், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியா என்று கேட்டே ஆக வேண்டும். பரிசோதனைகளுக்கு அலைந்தே மாதங்களைக் கழித்துவிட்டு, எலும்பும் தோலுமாக வந்து சேருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

அந்தச் சிகிச்சையில் நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ‘கிராஸ்’ ஆய்வில் 366 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஐந்து வாரம் கீமோவும் 23 தவணை ரேடியேஷனும் கொடுத்துவிட்டு அறுவைச் சிகிச்சை, மற்றவர்களுக்கு நேரே அறுவைச் சிகிச்சை. முதல் பிரிவில் பாதிப் பேர் சுமார் 49 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், இரண்டாவதில் பாதிப் பேர் 24 மாதத்துக்கு மேல். உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற ஸ்குவாமஸ் வகையில், முதல் பிரிவில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வெட்டி எடுத்த உணவுக்குழாயிலும் முடிச்சுகளிலும் ஒரு புற்றுநோய் செல்கூட மிச்சமில்லை. ஆய்வில் சேர்ந்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே முடிச்சில் நோய் இருந்தது என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

கழுத்து முடிச்சில் நோய் இருக்கிறது என்று வந்தால்? அப்போதும் கதவு அடைபடவில்லை. கழுத்தையும் சேர்த்து ரேடியேஷன் கொடுத்து, அதோடு கீமோவும் கொடுக்கிற வழி இருக்கிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் கழுத்து, மார்பு, வயிறு என்று மூன்று இடங்களிலும் முடிச்சுகளை அகற்றும் அறுவைச் சிகிச்சையை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். கல்லீரலுக்குப் பரவிய நோயும் கழுத்தில் ஒரு முடிச்சு மட்டும் உள்ள நோயும் ஒரே எம்1 என்ற எழுத்துக்குள் வந்தாலும், இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆனால் பாதை கடினமாகும், அறுவைச் சிகிச்சை உண்டா இல்லையா என்பதையும் மறுபடி யோசிக்க வேண்டிவரும். கழுத்து ஊசி ‘நோய் இல்லை’ என்று வந்தால்கூட, எடுத்த செல்கள் போதுமானவையா என்று கேளுங்கள். வெறும் ரத்தம் மட்டும் வந்திருந்தால் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, திரும்ப எடுக்க வேண்டும்.

எத்தனை முடிச்சில் நோய் என்ற உண்மையான எண்ணிக்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் தெரியும். குறைந்தது 15 முடிச்சுகளாவது எடுத்து ஒவ்வொன்றாக நோயியல் நிபுணர் பார்த்தால்தான் அந்தக் கணக்கை நம்பலாம். ரேடியேஷன் முடிந்த மறுவாரமே பெட் ஸ்கேன் எடுக்க அவசரப்படாதீர்கள். ரேடியேஷனால் வெந்த புண்ணும் சர்க்கரையை இழுத்து ஒளிரும், அதைப் பார்த்து நோய் என்று கலங்கிப்போவீர்கள். சில வாரங்கள் ஆறவிட்டுத்தான் எடுப்பார்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது பெட் ஸ்கேனின் பேப்பரை மட்டும் கொண்டுபோகாமல், படங்கள் பதிந்த குறுந்தகட்டையும், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். முன்பு எடுத்த படத்திலேயே அந்த முடிச்சுகள் இருந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்தப் பரிசோதனைக்கு, எந்தச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள்.

அப்பாவின் குரல் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். குரல்நாணை அசைக்கிற நரம்பு, இடது பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் அடிக்கடி போய்ச் சேருகிற முடிச்சுகள் அந்த நரம்பை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. குரல் கம்மியிருந்தால், தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், சொல்லிவிடுங்கள். ஒரு சின்னக் கேமராவை விட்டுக் குரல்நாணைப் பார்த்துவிடலாம்.

அப்புறம் சாப்பாடு. இதற்கு எந்த ரிப்போர்ட்டும் வர வேண்டியதில்லை, இன்றைக்கே ஆரம்பியுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். சோறு இறங்கவில்லை என்றால் குழைத்த கஞ்சி, முட்டை கலக்கிய பால், மிக்ஸியில் அடித்த பருப்புச் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை கொடுங்கள். எதுவும் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பீடி இன்றோடு நிற்கட்டும். தண்ணீர்கூட இறங்கச் சிரமப்பட்டால், மூக்கு வழியாகவோ சிறுகுடலுக்கு நேராகவோ குழாய் வைத்து உணவு கொடுப்பதைப் பற்றிக் கேளுங்கள். அதைத் தோல்வி என்று அப்பா நினைத்து மறுப்பார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐந்து வாரச் சிகிச்சையைத் தாங்கி அறுவைச் சிகிச்சை வரை போவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், அதற்காகத்தான் அந்தக் குழாய் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கழுத்து ஊசியின் முடிவு வந்ததும் எழுதுங்கள். ரேடியேஷன் பற்றியும் அறுவைச் சிகிச்சை பற்றியும் உங்களுக்கு வரப்போகிற கேள்விகளை அந்த முடிவை வைத்துப் பேசுவோம்.